நீச்சலை விடலாமா என்று பூ கேட்ட கதை

நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது என்று காவலாளி சொன்னார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இழவுச் செய்தி சொல்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் சுத்தமாகவில்லை, சரிபண்ண இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை யாரும் இறங்கக் கூடாது. என்னோடு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். மாநிலப் போட்டி பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. நானும் நல்ல பிள்ளையாக உச்சுக் கொட்டினேன். கொட்டிவிட்டுத் திரும்பி, அப்பா காரை நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே குதிக்கவும் செய்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இன்னும் விடியாத தெருவில், தோளில் நீச்சல் பையோடு, பதினோராம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு குதித்ததைப் பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

அப்பா கண்ணாடியை இறக்கினார். "என்ன சாமி, கப்பு கெடச்சிருச்சா?" என்றார்.

"லீவுங்கப்பா!"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பை வாங்கிய எந்த நாளிலும் நான் அப்படிக் குதித்ததில்லை என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில், மல்லூர் தாண்டும்போது, எனக்கே உறைத்தது. அதோடு பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் காட்டுக்குள், விவசாய நிலத்துக்கு நடுவில் இருக்கிறது. அப்பாவுக்கு ரிக் வண்டித் தொழில். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வண்டியோடு கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று மாதக்கணக்கில் போய்விடுவார். மழைக்காலத்தில்தான் வீட்டில் பார்க்கலாம். அப்படி ஒரு மழைக்காலத்தில், நிறைந்து கிடந்த எங்கள் கிணற்றில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி என்னை இறக்கிவிட்டார். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நீச்சல் பழகுவார்கள். நான் கேனை அவிழ்த்த பிறகும் நிற்கவே இல்லை. பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி என்று போய், பிறகு சேலத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். விடிவதற்கு முன்னால் என்னை யார் சேலத்துக்குக் கூட்டிப் போவது என்ற கேள்வி வந்தபோது, அப்பா வண்டிகளைச் சித்தப்பா பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார்.

இதுதான் சிக்கல். என் நீச்சல் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. அதை விட்டால் அவர் மறுபடியும் ஒடிசாவுக்குக் கிளம்பிவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அந்தப் பயத்திலேயே ஒரு வருஷத்துக்கு மேல் நீந்தினேன்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி என்ன சொல்ல! தண்ணீரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது. குளத்துத் தரையில் ஒவ்வொரு தடத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். தலையைக் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்தபடி போகவேண்டும், சுவரைத் தொட்டுத் திரும்பவேண்டும், மறுபடி அதே கோடு. முன்பெல்லாம் அந்தக் கோட்டின்மேல் பாய்வது எனக்கு அவ்வளவு குஷியாக இருக்கும். இப்போது யார் இதைப் போட்டது, அவன் கையை உடைக்க, என்று திட்டிக்கொண்டே நீந்தினேன். குளோரினில் முடி செம்பட்டையாகிவிட்டது. எந்தச் சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. பள்ளியில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். வீட்டில் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட எரிந்து விழுவேன். கடைசியாக ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்து மேடையில் நின்றபோது, எப்போது வேனில் ஏறிப் படுப்போம் என்பதைத் தவிர மனதில் எதுவுமே இல்லை. சொந்தக்காரர்கள் அதற்கு ஊர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு பழைய போட்டோவிலிருந்து எடுத்தது.

குளம் பச்சையான அந்த நாட்களில் நான் வாழ்ந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். வெயில் முகத்தில் அடித்த பிறகு எழுந்தேன். தோசையைச் சூட்டோடு தின்றேன். காரில் டிபன் பாக்ஸைத் திறந்து விறைத்துப்போன தோசையைத் தின்றே பழகியிருந்தவளுக்கு, கல்லிலிருந்து நேராக விழுந்த தோசை பெரிய அதிசயமாக இருந்தது. அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்து, அதில் வருகிற மாமியாரை இருவரும் சேர்ந்து வைதோம். அப்புறம் பயிற்சியாளரின் வாட்ஸ்அப் செய்தி வந்தது. குளம் தயார், நாளைக் காலை எல்லாரும் வரவும். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து வெளியே வந்து, "நான் இனிமே போகல" என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன்.

அம்மா பட்டென்று என் கட்சிக்கு வந்துவிட்டார். "அதைத்தான் நானும் சொல்றேன். பன்னண்டாவது வரப்போவுது. நீச்சலுக்கு எந்திரிக்கற அதே நாலு மணிக்கு எந்திரிச்சு டியூசனுக்குப் போனா டாக்டர் சீட்டே வாங்கிரலாம்."

நான் எங்கே அப்படிச் சொன்னேன்! நாலு மணியிலிருந்து தப்பிக்கப் பார்த்தால், அம்மா அதே நாலு மணியை எடுத்து வேறு பையில் போடப் பார்த்தார்.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஆராச்சும் உடுவாங்களா? அலுப்பா இருக்கும், ரெண்டு நாள்ல செரியாப் போயிரும்" என்றார். அம்மா ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, பேச்சு எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்து எல்லாப் பழைய கணக்கையும் தொட்டது. எங்கள் என்றா எழுதினேன்? அவர்கள் கல்யாணப் பத்திரிகைதான். அந்தச் சண்டையில் நானும் ஒரு சம்பந்தி போல நடுவில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது, நானும் பயிற்சிக்குப் போகவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் என் மூலமாகத் தகவல் அனுப்பி ஒத்துக்கொண்டார்கள். குலசாமியிடம் பூ கேட்டுவிடலாம்.

பூ கேட்பது எங்கள் பக்கம் சாதாரணம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டி, எது எது என்று தெரியாதபடி கலந்து சாமி முன்னால் போடுவார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் நிலம் வாங்கியது, புது வண்டி எடுத்தது, சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தது எல்லாம் பூ கேட்டுத்தான். இப்போது பிள்ளை நீச்சலடிப்பதும் அந்த வரிசையில் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். போகிற வழியெல்லாம் காரில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். கோயிலில் காது குத்த வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பாப்பா ஒன்றை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, பூசாரி கேட்டு வாங்கிக்கொண்டார். பொட்டலங்களைக் கலந்து போட்டுவிட்டு, "என்ன கேக்கோணுமோ மனசுக்குள்ள நல்லாக் கேட்டுக்குங்க" என்றார். அப்பா கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். நானும் மூடினேன். என் நெஞ்சு அடித்த அடி, விசில் ஊதுவதற்கு முன்னால் குளத்து மேடையில் குனிந்து நிற்கும்போது அடிப்பது போலவே இருந்தது. ஒரு வருஷமாக எந்த மேடையிலும் அது அப்படி அடிக்கவில்லை!

பாப்பா ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார். வெள்ளை.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவின் முகமும் மலர்ந்துவிட்டது. நாலைந்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அங்கே நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். அம்மா அப்பாவின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டார். அப்பா பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினார். எனக்கு ஒரே குழப்பம். இரண்டு பேரும் எப்படிச் சந்தோஷப்பட முடியும்?

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் விஷயம் உடைந்தது. அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, நீச்சலை உட்டுறலாம்னு சாமியே உத்தரவு குடுத்துருச்சு" என்றார். கார் ஒரு குலுங்கு குலுங்கியது.

"என்ன உத்தரவு?" என்றார் அப்பா.

"ஏனுங்க, வெள்ளைதானுங்க வந்துச்சு? உட்டுறட்டுமான்னு கேட்டேன். உட்டுறுன்னுருச்சு."

"நா, புள்ள மேக்கொண்டு நீந்தட்டுமான்னுல்ல கேட்டேன்! நீந்தட்டும்னுருச்சு!"

பெரியம்மா போனில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா போனை அணைத்தார். இருவரும் பேசாமலே இருந்ததால், என்ன கேட்பது என்று முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை. ஒரே சாமியிடம், ஒரே பூவில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கேள்வியைக் கேட்டு, இரண்டுக்கும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். திரும்பிப் போய்க் கேட்கலாம் என்றார் அப்பா. வாக்கு கொடுத்த பிறகு மறுக்காக் கேட்டால் சாமி கோவித்துக்கொள்ளும் என்றார் அம்மா. சாமி தப்பாகச் சொல்லாது, அதனால் தன்னுடைய கேள்விதான் சாமி காதில் விழுந்திருக்கிறது என்று இருவருமே அடித்துப் பேசினார்கள். பிறகு இருவருடைய பேச்சும் ஒரே நேரத்தில் பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பியது.

"நீ என்ன கேட்ட சாமி?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் அதிகமாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது சொல்லிவிடும் தைரியமும் வந்திருந்தது.

"வெள்ளை வந்தாலும் உட்டுறலாம், செவப்பு வந்தாலும் உட்டுறலாம்னு நெனச்சேன்."

"அது எப்படீடி கேள்வியாகும்?" என்றார் அம்மா.

"கேள்வி இல்லீங்கம்மா. நான் ஒண்ணும் கேக்கலை."

"அப்ப முடிஞ்சுது. டியூசனுக்கு நாளைக்கே..."

"டியூசனும் வேண்டாம்! எனக்கு நாலு மணியே வேண்டாம்! ஆறு மணி வரைக்கும் என்னைத் தூங்க உடுங்க, அப்பறம் எதை வேணாலும் படிக்கறேன்!" நான் கத்திய கத்தலில் அம்மா கதவோரம் ஒண்டிக்கொண்டார்.

அப்பா ஊருக்குத் திரும்பும் முனையில் காரை ஓரம் கட்டினார். எதிரே ஒரு மரவள்ளிக் காடு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, அவருக்குத் தெரிந்த பாஷையில் பேச ஆரம்பித்தார். "போர் போடறப்ப எத்தன பேரு பாதீல நிறுத்தச் சொல்லீருக்காங்க தெரியுமா சாமி? இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா தண்ணி பீச்சியடிச்சிருக்கும்."

"நீங்களே எந்தப் போரையும் நிறுத்தச் சொன்னதில்லீங்களாப்பா?"

"சொல்லீருக்கறேன். வெறும் புழுதியாவே வந்துட்டிருந்தா, ராடைக் கழட்டுங்கப்பான்னு நானே சொல்லிருவேன்."

"எப்ப நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்?"

அப்பா யோசித்தார். "கம்ப்ரசர் சத்தத்துல தெரியும். கல்லுத் தூளோட நெறத்துல தெரியும். அப்பறம், காட்டுக்காரரு மொகத்துலயும் தெரியும். போடு போடுன்னு வாய் சொல்லீட்டிருக்கும். மொகம் போதும்னு சொல்லும். அதுக்குமேல போட்டம்னா பாவம்."

"என்ற மொகத்தப் பாருங்கப்பா" என்றேன்.

முதலில் கண்ணாடியில் பார்த்தார். எத்தனையோ நாள் விடிகாலையில் அந்தக் கண்ணாடியில்தான் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார், அதுவும் நான் தூங்கும்போது. பிறகு சீட் பெல்ட்டை அவிழ்த்து, முழுதாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். நானும் பார்வையை விலக்கவில்லை. அழவும் இல்லை. உள்ளுக்குள் ஏதோ பந்தயத்தில் முந்திக்கொண்டு போகிற மாதிரி பரபரவென்று இருந்தது.

"கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்குதே. எப்ப இருந்து?" என்றார், என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

"ஒரு வருசமா அப்படித்தானுங்க இருக்குது" என்றார் அம்மா, மெதுவாக. அப்பா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினார்.

மறுநாள் காலையில் கடைசித் தடவையாக நாலு மணிக்கு எழுந்தேன். பயிற்சியாளரிடம் போனில் சொல்வது மரியாதையில்லை, நேரில்தான் சொல்லவேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். குளத்துத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது நீலமாக ஆடுவதைப் பார்த்ததும், எனக்குள் இருந்த பழைய ஆசை ஒன்று அசைந்தது. பொய் சொல்லக் கூடாது, இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. "தோள் வலியா? ஒரு மாசம் ரெஸ்ட் எடும்மா. போட்டி முடிஞ்சதும் முடிவு பண்ணலாம். இப்ப விட்டா இத்தனை வருஷ உழைப்பும் போயிடும். உனக்கு நல்ல காலம் இனிமேதான் இருக்கு" என்றார். எல்லாமே நியாயமாகப் பட்டது. 'சரிங்க சார்' என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவர் எது சொன்னாலும் அப்பாவும் நானும் சொல்கிற ஒரே பதில் அதுதான். எப்போதும் அப்பாதான் முந்திக்கொண்டு சொல்வார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "என்னையப் பாக்காத சாமி. நீயே சொல்லு" என்றார்.

"வேண்டாங்க சார். நான் நிறுத்திக்கறேன்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தண்ணீரில் இருந்த பிள்ளைகளெல்லாம் தடத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் அவர்களை நீந்தச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, "சரிம்மா, எப்பத் தோணுதோ அப்ப சும்மா வந்து நீந்திட்டுப் போ" என்று கை கொடுத்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் கேட்டைத் தாண்டியதும் கால் இரண்டும் தானாக வேகமெடுத்தன. பை வெறும் பைதான், உள்ளே ஈரத் துண்டு இல்லை. எனக்குப் பசித்தது. தூக்கம் வரவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், அதுவும் எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அப்பா சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இன்றைக்கு வாய் திறந்துவிட்டது, இதையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும். "நீங்க மறுபடியும் வண்டிக்குப் போயிருவீங்களாப்பா? ஒடிசாவுக்கு?"

"ஏன் சாமி அப்படிக் கேக்கற?"

"நான் நீந்தறதுனாலதான நீங்க ஊட்டுல இருந்தீங்க. உட்டுட்டா போயிருவீங்களோன்னுதான் இத்தன நாளா சொல்லாமயே இருந்தேன்."

அப்பா என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "நானும் அதுக்குத்தான் உட வேண்டாம்னு சாமிகிட்டக் கேட்டேன்" என்றார். "மெடலுக்கு இல்ல சாமி. நீ நீச்சலை உட்டுட்டீன்னா, நான் ஊட்டுல இருக்கறதுக்கு உன்ற சித்தப்பன்கிட்ட என்ன காரணம் சொல்லுவேன்?"

எங்கள் இருவரில் யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, யாருக்கு முதலில் கண் கலங்கியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நான் எட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காரணம் எதுக்குங்கப்பா?" என்றேன். "சும்மா இருங்க. ஊட்டுல சும்மா இருங்க."